விலேம் ஹனாக்கின் மோதிர விரல்

ஸ்வ்ரத்கா ஆற்றின் மேல் எழுந்த மூடுபனி கரையேறி, இலையுதிர்த்த தோட்டங்களைக் கடந்து, தெருத் தண்டவாளங்களில் மணியொலித்து ஊரும் வண்டிகளின் விளக்குகளை மங்கச் செய்து, பெத்ரோவ் குன்றின் மேல் நிற்கும் பெருங்கோயிலின் இரட்டைக் கோபுரங்களில் பாதியை விழுங்கிவிட்டு, மீதியையும் விழுங்கலாமா வேண்டாமா எனத் தயங்கி நின்ற முற்பகல் அது. இறந்தோரை நினைக்கும் நாள் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. கல்லறைகளில் ஏற்றிய விளக்குகளின் மெழுகு கல்லோடு கல்லாக உறைந்து கிடந்தது. விற்காமல் எஞ்சிய சாமந்திகள் கடைவாயில்களில் வாளி நீரில் நின்று வாடின. பதினொரு மணிக்கே நண்பகல் மணியை முழக்கிவிடும் வழக்கமுடைய அக்கோயில், அன்றும் முந்திக்கொண்டு நண்பகலை அறிவித்தது. புர்னோ நகரத்தார் எவரும் அதற்காகத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மணியோசை நகர அரங்கின் தடித்த சுவர்களையும் துளைத்து உட்புகுந்தபோது, அங்கே அறுபது பேர் ஒருங்கிருந்து வில்லும் குழலும் முழவுமாய் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தனர். பல கருவிகள் ஓருடலாய் நின்று முழங்குவதை நம் முன்னோர் பல்லியம் என்றனர்; கற்றறிந்த நண்பரே, அச்சொல்லையே நாமும் கொள்வோம். அப்பல்லியத்தின் முன் சிறு மேடை மேல் நின்று, கையளவு மெல்லிய கோல் ஒன்றால் அறுபது பேரின் மூச்சையும் ஆண்டுகொண்டிருந்தவர் விலேம் ஹனாக். உயர்ந்த உடல், நரைத்த தலை, சிரிப்பை எங்கோ அடகு வைத்துவிட்டு மீட்க மறந்த முகம். கோலோச்சுபவருக்கு எல்லா உரிமையும் உண்டு, ஒலியெழுப்பும் உரிமை ஒன்றைத் தவிர. அவரை விரும்பியவர் சிலர், அஞ்சியவர் பலர், வியக்காதவர் இலர்.

அன்று ஒத்திகை நடுவிலேயே பின்கதவைத் திறந்துகொண்டு, கறுப்புத் தலைத்துணி கட்டிய பெண்ணொருத்தி நேராக மேடையை நோக்கி நடந்து வந்தாள். ஒத்திகைக்குள் நுழைவது அவ்வூரில் பிறர் படுக்கையறைக்குள் நுழைவதற்கு ஒப்பான பிழை. ஆயினும் அவள் முகத்தைக் கண்டவர்கள் ஒவ்வொருவராய் வில்லைத் தாழ்த்தினர். விலேமின் பழைய நண்பர் சிரிலின் மனைவி யார்மிலா அவள்.

"விலேம், சிரில் போயிட்டாரு. விடியக்கால. தூக்கத்துலயே."

விலேம் கோலைக் கீழே வைத்தார். மேடையிலிருந்து இறங்கி அவள் தோளைப் பற்றினார்.

"வெள்ளிக்கெழம அடக்கம். உங்க நாலு பேருல மிச்சமிருக்கிற மூணு பேரும் வாசிக்கணும். அவருக்குப் புடிச்ச அந்த மெதுவான பகுதி."

"யார்மிலா, நான் வயலினத் தொட்டே ஒம்பது வருஷமாச்சு."

"தொடு. இன்னும் நாள் இருக்குல்ல."

"லுபோர் ஒத்துக்கமாட்டான்."

"ஒத்துக்கிட்டான். அவன் வீட்டுலேர்ந்துதான் வரேன். 'அய்யா வருவாரான்னு மொதல்ல கேட்டுட்டு வா'ன்னான். வருவியா, மாட்டியா?"

இருவருக்குமிடையே கிடந்த அந்தக் கேள்வி எத்துணைப் பெரிதென்பது அவ்வூர் இசைவாணர்க்கே தெரியும். வயலின் இரண்டு, அதனினும் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, அடிக்குரல் தரும் செல்லோ ஒன்று என நால்வர் சேர்ந்து வாசிக்கும் குழு அவர்கள் நடுவே திருமணத்துக்கு நிகரானது. அந்நால்வரில் ஒருவர் இறந்தால், எஞ்சிய மூவரும் கல்லறையருகே அமர்ந்து, இறந்தவரின் நாற்காலியையும் உடன் இட்டு, அவர் பங்கை வெறுமையாய் விட்டுவிட்டு வாசிப்பது மரபு. அவ்விடத்தில் வேறொருவர் அமர்வதில்லை. மூவரில் எவரேனும் வராதொழிந்தால் அவருக்கு மாற்றாகவும் எவரும் அமர்வதில்லை; நாற்காலி மட்டும் இடப்படும். உயிரோடிருந்தும் நாற்காலியாய் நிற்பவரை அவ்வூர் பிறகு உயிருள்ளவராய் எண்ணுவதில்லை. வருவேன் என்றார் விலேம். சொல்லிய மறுநொடியே அவர் இடக்கை சட்டைப்பைக்குள் சென்று ஒளிந்துகொண்டது.

அக்கை ஏன் ஒளிந்ததென்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். விலேம் முதல் வயலின், ஆலெனா இரண்டாம் வயலின், லுபோர் வியோலா, சிரில் செல்லோ என அந்நால்வரும் இளமை தொட்டு ஒன்றாய் வாசித்தவர்கள். சூடேற்றி பழுதான சிற்றுந்தொன்றில் நாட்டின் ஊரூராய்த் திரிந்து, ஒரே போர்வையை நால்வரும் இழுத்துப் போர்த்தி, ஒரே ரொட்டியை நான்காய்ப் பிய்த்துத் தின்று, அயல்நாட்டுப் பரிசுகளையும் வென்று வந்தவர்கள். அப்படியிருக்கையில் ஓராண்டு வேனில் விடுமுறையில், தனியே வாசிக்கையில், விலேமின் இடக்கை மோதிர விரல், வயலினைப் பிடித்த உடனே அவர் கேளாமலே மடங்கி உள்ளங்கையை நோக்கிச் சுருளத் தொடங்கிற்று. கரண்டி பிடித்தால் நேராய் இருக்கும். காலணிக் கயிறு கட்டினால் சொன்னதைக் கேட்கும். வயலினைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கும். வியன்னாவில் மருத்துவர் ஒருவர் நெடுநேரம் ஆய்ந்து, பழுது விரலில் இல்லை, விரலை ஏவும் மூளையில் இருக்கிறது, அளவு மீறி உழைத்த இசைவாணர்க்கு வரும் நோய் இது, தீர்வதரிது என்று கூறி அனுப்பினார்.

தொடர்வண்டியில் ஊர் திரும்பும் வழியெல்லாம் விலேம் எண்ணிப் பார்த்தார். சொன்னால் லுபோர் காத்திருப்பான். ஓராண்டன்று, பத்தாண்டு ஆனாலும் காத்திருப்பான். வேறு முதல் வயலினைத் தேட மாட்டான், தேட விடவும் மாட்டான். மூவர் பிழைப்பும் ஒரு விரலோடு மடங்கிப் போகும். எனவே சொல்வதில்லை என்று முடிவு கட்டினார். இது பெருந்தன்மை என்று அவரே தம் முதுகைத் தட்டிக்கொண்டார். பாதி பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. மறுபாதி என்னவென்று நான் சொல்கிறேன்: பிறர் தம்மை இரங்கிப் பார்க்கும் பார்வையை அவரால் ஒரு நொடியும் பொறுக்க இயலாது. ஏச்சைத் தின்று செரிப்பார். இரக்கம் தொண்டையில் சிக்கும். ஆதலால் மறுநாள் ஒத்திகையில், நால்வர் குழு தமக்குச் சிறுத்துவிட்டதென்றும், பல்லியம் நடத்தப் போவதாகவும் வெட்டெனச் சொன்னார். ஆலெனா அழுதாள். சிரில் செல்லோவை உறைக்குள் இட்டு மூடினார். லுபோர் மட்டும், "போ. போய்க் குச்சிய ஆட்டு. குச்சிக்குக் கட்டுப்பட்டு வாசிக்கிறவன் நான் இல்ல" என்று சொல்லி எழுந்து போனவன்தான், ஒன்பதாண்டாய்த் தெருவில் எதிர்ப்பட்டாலும் மறுபக்கம் கடந்து போனான்.

விலேம் கோலெடுத்த கதையை ஊர் அறியும். சிற்றூர்ப் பல்லியங்களில் தொடங்கி, படிப்படியாய் உயர்ந்து, தம் நகரப் பல்லியத்துக்கே தலைமை ஏற்றார். கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் விலேம் எண்ணியதற்கு மாறாக, மற்ற மூவரும் வேறு முதல் வயலினைத் தேடவில்லை; ஆலெனா இசைநாடக அரங்கில் வேலைக்கமர்ந்தாள். லுபோர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வில் பிடிக்கக் கற்பித்து வயிறு வளர்த்தான். சிரில் ஒருவர் மட்டும் ஞாயிறு தவறாமல் விலேம் வீட்டுக்கு வந்து, வேகவைத்த மாவுருண்டை தின்று, சதுரங்கம் ஆடித் தோற்று, ஏனென்று ஒருநாளும் கேளாமல் திரும்பினார். அந்தச் சிரில்தான் இப்போது இல்லை.

வீடு சேர்ந்ததும் விலேம் வயலினை எடுத்தார். விரல் மறக்கவில்லை, பழைய பகைவனைக் கண்டது போல் உடனே சுருண்டது. அவர் அதனோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவ்விரலை விலக்கிவிட்டு, மற்ற மூன்று விரல்களாலேயே அந்தப் பகுதி முழுவதையும் வாசிக்க வழி தேடினார். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வேறு விரல் இல்லாத இடங்களிலெல்லாம், இருக்கும் விரலையே தந்தி மேல் இழைத்துக்கொண்டு போக நேர்ந்தது. நம் செவிக்கு அவ்விழைப்பு தேன். அந்நால்வர் குழுவின் செவிக்கோ குற்றம். தூய நேர்கோடாய் ஒலிக்க வேண்டிய இசையில் கண்ணீர் பிழியும் மலிவான குழைவு. விலேமுக்கு அது தெரியாதா என்ன? தெரிந்தும் வேறு வழி இல்லை. இரண்டு நாள் அப்படியே வாசித்து வாசித்து, இறுதி வரை சென்று சேரும் அளவுக்கு ஒருவாறு தேறினார்.

வியாழனன்று யார்மிலாவின் வீட்டில் மூவரும் கூடினர். சிரிலின் செல்லோ சுவரோரம் சாய்ந்து நின்றது. விலேம் உள்ளே நுழைந்ததும், வியோலாவின் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்த லுபோர் எழுந்து நின்று தலை தாழ்த்தினான். கொழுத்த உடலும் சிவந்த மூக்குமாய் இருந்த அவனுக்கு அந்தப் பணிவு சற்றும் பொருந்தவில்லை.

"வாங்க, வாங்க. கோலக் கையோட கொண்டாந்தீங்களா, இல்ல பின்னால யாராவது தட்டுல வெச்சுத் தூக்கிட்டு வர்றாங்களா?"

"நல்லாருக்கியா லுபோர்?"

"ஏதோ இருக்கோம். உங்க ஒசரத்துலேர்ந்து பாத்தா தெரியாது."

"லுபோர், வாயப் பொத்திக்கிட்டுச் சுருதி சேரு," என்றாள் ஆலெனா. மெலிந்து நெடிதாய் வளர்ந்த அவளுக்கு, இவ்விருவரையும் அடக்கும் வேலை இளமையிலேயே வாய்த்துவிட்டது.

வாசிக்கத் தொடங்கினர். செல்லோ இல்லாத அடிவெளி, தரையற்ற வீட்டைப் போல் காலடியில் திறந்து கிடந்தது. பாதி தூரம் செல்லுமுன் லுபோர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தான். சினத்தில் அவன் வைத்திருந்த போலிப் பணிவு பறந்து போயிற்று.

"நிறுத்து. என்னடா அது?"

"எது?"

"அந்த இழைப்பு. அடிக்கொரு தரம் இழைக்கிற. காபிக்கடையில காசு குடுத்தவன் காதோரம் வந்து வாசிக்கிறவன் மாதிரி. நாலு பேரும் உக்காந்து, சண்ட போட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த வெரல்னு முடிவு பண்ணினோமே, அதெல்லாம் எங்க?"

"இப்ப எனக்கு இப்படித்தான் வருது."

"அப்படித்தான் வருதா, இல்ல அப்படித்தான் வேணுமா?"

விலேமின் நாவில் உண்மை வந்து நின்றது. கதவைத் தட்டியவருக்குத் திறக்காமல் மூச்சடக்கி நிற்பவரைப் போல் அவர் அதைக் கேட்டும் கேளாதிருந்தார்.

"வேணும்," என்றார்.

"பாத்தியா ஆலெனா? கைதட்டு வாங்கி வாங்கிப் பழகிருச்சு. செத்த வீட்டுலயும் கேக்குது." லுபோரின் குரல் உடைந்தது. "அவன் இனிமே கேக்கமாட்டான்னுதான இப்படி வாசிக்கிற?"

"போதும்," என்று அடுக்களை வாயிலிலிருந்து யார்மிலா சொன்னாள். "எப்படி வாசிச்சாலும் சரி. வாசிச்சாப் போதும். சண்டய அவரு பொறுத்துக்குவாரு, என்னால முடியாது."

மூவரும் தலை கவிழ்ந்து மீண்டும் வாசித்தனர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெள்ளியன்று வானம் ஈயம் போல் தாழ்ந்து கிடந்தது. நகர்ப்புறக் கல்லறைத் தோட்டத்தின் நெடிய மரங்களினூடே காற்று ஊடறுத்து வந்தது. புதைகுழியருகே நாற்காலிகள் நான்கு இட்டிருந்தனர். பல்லியத்தார் வந்திருந்தனர், லுபோரின் மாணவர் வந்திருந்தனர், தெற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சிரிலின் தமையன் ஹூபெர்ட் உறவினர் சூழ முன்வரிசையில் நின்றார். விலேம் கையுறையைக் கழற்றியபோதே விரல்கள் விறைத்திருந்தன. குளிர் அந்நோய்க்கு உற்ற தோழன் என்பதை அவர் அறிவார்.

தொடக்கம் தவறவில்லை. முதல் வயலினின் பாட்டு மெல்ல எழுந்து, குழியைச் சுற்றி நின்றவர்களின் தலைகளுக்கு மேல் சென்றது. இரண்டாம் வயலினும் வியோலாவும், நெடிய இடைவெளிகள் விட்டு, மூச்சு விடுவது போல் அடியில் ஒலித்தன. பாட்டு மேலேறி உச்சியைத் தொட வேண்டிய இடத்தில், விலக்கி வைத்திருந்த அந்த விரல் சட்டென்று சுருண்டு வந்து, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு, தந்தியின் குறுக்கே விழுந்தது. கீச்சென்று ஓர் ஓசை. இன்னொரு முறை முயன்றார், மறுபடியும் கீச்சு. பிறகு ஒன்றுமில்லை.

இரண்டாம் வயலினும் வியோலாவுமாகிய உள்குரல்கள் நிற்கலாகாது என்பது நால்வர் குழுவின் எழுதாச் சட்டம். ஆலெனாவும் லுபோரும் நிறுத்தவில்லை. ஆனால் அடியில் செல்லோவும் இல்லை, மேலே பாட்டும் இல்லை; நடுவே நெடிய வெறுமைகள். அந்த வெறுமைகளில் இருவரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டனர். ஆலெனா முந்தினாள், லுபோர் பிந்தினான். இன்னும் ஓரடி சென்றால் கலைந்துவிடும். அந்நிலையில் விலேமின் வலக்கை, அவர் ஏவாமலே, ஒன்பதாண்டுப் பழக்கத்தால் தானே எழுந்து, வில்லைக் கோலாய்ப் பிடித்து, காற்றில் தாளம் காட்டத் தொடங்கிற்று. முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. நால்வர் குழுவைக் கோல் கொண்டு நடத்துவதா? அதுவும் பிணத்தின் முன்பா?

லுபோர் தீ பறக்க நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் கண்ணில் முதலில் பட்டது வில்லன்று. வயலினின் கழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த இடக்கை. அதில் மோதிர விரல் உள்ளங்கைக்குள் புதைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நேராக்க அவர் முயன்றுகொண்டிருந்தார், அது நேராகவில்லை. வில் பிடித்து வாழும் எவனுக்கும் அதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றைய இழைப்புகளும், ஒன்பதாண்டுக்கு முந்தைய அந்தச் சுடுசொல்லும், எல்லாம் ஒருங்கே அவனுக்கு விளங்கிவிட்டன. குச்சிக்குக் கட்டுப்பட்டு வாசிக்காத லுபோர், தன் கண்களை அந்த வில்லின் நுனியில் நட்டான். அது தாழ்ந்தபோது வாசித்தான், உயர்ந்தபோது பொறுத்தான். ஆலெனாவும் பார்த்தாள். பாட்டில்லாத அந்தப் பாட்டு, இரண்டு உள்குரல்கள் மட்டுமாய், ஒரு சுரமும் பிசகாமல் கடைசி வரை சென்று அடங்கியது.

அடக்கம் முடிந்து, தோட்டத்தையடுத்த உணவுவிடுதியில் உறவினரும் நண்பரும் நீண்ட மேசையைச் சுற்றி அமர்ந்தனர். சதகுப்பைக் குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சியும் மாவுருண்டையும் ஆவி பறக்க வந்தன. ஹூபெர்ட் ஊரிலிருந்து கொண்டுவந்த பிளம் சாராயம் சிறு குவளைகளில் சுற்றி வந்தது. இரண்டு குவளை உள்ளே போனதும் ஹூபெர்ட்டின் பொறுமை வெளியே வந்தது. விலேமை நோக்கி விரல் நீட்டினார்.

"பெரிய மனுஷன்யா நீ. என் தம்பி குழிக்கு முன்னாடிகூட அதிகாரம் பண்ணாம இருக்க முடியலயா உனக்கு? வாசிக்க வரலன்னா வரலன்னு எந்திரிச்சுப் போகவேண்டியதுதான? அங்கயும் குச்சிய ஆட்டணுமா?"

உண்மையைச் சொன்னால், விலேமுக்கு உள்ளூர ஆறுதலாகவே இருந்தது. செருக்கன் என்று ஏசட்டும். ஏச்சு தெரிந்த உணவு. அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு குவளையை நோக்கிக் கை நீட்டினார்.

"அண்ணே, உக்காருங்க," என்று லுபோர் எழுந்தான்.

"நீ பேசாத லுபோர்," என்றார் விலேம் தாழ்ந்த குரலில். "வேணாம்."

"நீ பேசாம இருந்ததெல்லாம் போதும்." லுபோர் மேசை முழுவதற்கும் கேட்கச் சொன்னான். "அவன் எடது கை மோதிர வெரலு வயலினப் புடிச்சா மடங்கிக்கிது. எங்க தொழில்ல வர்ற நோவு அது. வந்தாத் தீராது. அதனாலதான் எங்கள விட்டுப் போனான். குச்சி ஆட்டுற ஆசையில இல்ல. நேத்து மூணு வெரல வெச்சுக்கிட்டு உங்க தம்பிக்காக வாசிச்சான், நான் காபிக்கடைன்னு சொன்னேன். இன்னிக்கு அவன் தாளம் காட்டலன்னா நானும் ஆலெனாவும் குப்புற விழுந்திருப்போம். ஆலெனா, பொய்யா?"

ஆலெனா இல்லை என்று தலையசைத்தாள்.

லுபோர் திரும்பினான். "ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ காத்திருப்ப."

"ஆமா, காத்திருப்பேன். அது என் பாடு. அத முடிவு பண்ண நீ யாரு? நாங்க என்ன உன் பல்லியமா, நீ கையத் தூக்கினா நிறுத்துறதுக்கு?" அவன் சிவந்த மூக்கு மேலும் சிவந்தது. "வாசிக்கவே வேணாம்டா. நாலு பேரும் ஒரு நாள் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கலாம். அவன் இருக்கும்போதே சாப்பிட்டிருக்கலாம். ஒம்பது வருஷம் என்னய உன்ன ஏச வெச்சியே, அத நான் எங்க போய்க் கழுவ?"

வியன்னாவிலிருந்து திரும்பிய வண்டியில் விலேம் எல்லாவற்றையும் எண்ணினார். இதை மட்டும் எண்ணவில்லை. தம் துயரைத் தாமே சுமப்பேன் என்று எடுத்துச் சென்றபோது, அதனோடு சேர்த்து மூவருக்கு உரியதையும் அள்ளிக்கொண்டு போனது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதில் ஒருவருக்கு இனித் திருப்பித் தரவும் வழியில்லை.

ஹூபெர்ட் மெல்ல அமர்ந்தார். அமர்ந்தவர், தம் குவளையை விலேமின் பக்கம் நகர்த்தி வைத்தார். மேசையைச் சுற்றி எல்லோருடைய பார்வையும் மாறியது. ஒன்பதாண்டாய் எதற்கு அஞ்சி அவர் ஒளிந்து திரிந்தாரோ, அந்தப் பார்வை, முப்பது முகங்களில் ஒருசேர வந்து அவர் மேல் படிந்தது. பல்லியத்தின் முழவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒரு மூதாட்டி, "பாவம், புள்ள," என்றாள். அறுபதை நெருங்கும் அந்தப் பிள்ளை நெருப்பின் மேல் அமர்ந்தவர் போல் இருந்தார். எழுந்து போய்விடக் கால் துடித்தது.

அப்போது யார்மிலா அவர் அருகில் வந்து அமர்ந்தாள். ஒன்றும் பேசாமல், அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கத்தியை எடுத்து, இறைச்சியைச் சின்னஞ்சிறு துண்டுகளாக, குழந்தைக்கு வெட்டுவது போல் வெட்டத் தொடங்கினாள். மாவுருண்டையையும் வெட்டினாள். வெட்ட வெட்ட அவள் கண்ணீர் குழம்பில் விழுந்தது. கணவர் இறந்த நாளிலிருந்து எவர் முன்னும் அழாதிருந்தவள் அவள்.

கத்தி பிடிக்க அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. அவ்விரல் மடங்குவது வயலின் முன் மட்டுமே. நானே வெட்டிக்கொள்வேன், விடு யார்மிலா என்று சொல்ல அவர் வாயெடுத்தார். எதிரே லுபோர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னுடா," என்றான்.

கற்றறிந்த நண்பரே, கொடுப்பதை அறம் என்று நூல்கள் நமக்குக் கற்பித்தன. பிறர் கொடுக்கும்போது கை நீட்டி வாங்குவதும் அறமென்று நாம் எவரிடம் கற்றோம்? துணிவுடையோர் பலர் அங்கேதான் தோற்கின்றனர். நாடறிந்த மேடைகளில் நிமிர்ந்து நின்ற விலேம் ஹனாக், தமக்குத் தேவையே இல்லாத அந்த உதவியை, வேண்டாமென்று தள்ளாமல், தலை கவிழ்ந்து ஏற்றுக்கொண்டார். தட்டு தம் முன் திரும்பி வந்ததும், ஒவ்வொரு துண்டாக எடுத்து, தொண்டையில் சிக்கச் சிக்க விழுங்கி, தட்டு வெறுமையாகும் வரை உண்டார்.